தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை

ஓர் அரசாணையை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிரிவின் கண்காணிப்பாளர். பொருள், பார்வை, ஆணை என்று மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகாதே, முதலில் ‘நீங்கலாக’ என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று தேடு என்பார். ஊருக்கெல்லாம் தடை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். யாருக்குத் தடை இல்லை என்பது ஐந்தாவது பத்தியில் சின்னதாக இருக்கும். ஆணையைப் போட்டவர்கள் யாரை நினைத்துக்கொண்டு போட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும். பழைய பிரெஞ்சுக் கோப்புகளில் அந்த வார்த்தை ‘ஸோஃப்’. எந்த மொழியில் எழுதினாலும் வேலை ஒன்றுதான்.

வறட்சிக் காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் போடுகிற உத்தரவுகளை இந்த முறையில்தான் படிக்கிறேன். நமக்கென்ன அதில் என்று சிலர் கேட்கலாம். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். என் தம்பி மகனும் துலூஸ் நகரத்துக்கு வெளியே வீடு வாங்கி, முன்னால் ஒரு துண்டு புல்தரை, பின்னால் தக்காளி, கத்தரி என்று வைத்திருக்கிறான். 2022 கோடையில் அந்த ஊர் பிரெஃபே போட்ட அரேத்தேயை வாட்சப்பில் அனுப்பி, “பெரியப்பா, இதில் எதுக்குத் தண்ணி விடலாம், எதுக்கு விடக் கூடாது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாமல் இல்லை. அரசாங்கப் பிரெஞ்சு வேறு பாஷை. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன் மெல்ல மெல்ல முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டேன்.

எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் சரித்திரம் என்றால் லூயி அரசர்கள்தான். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று படிப்பதற்கு முன்பே சேன் நதியின் உபநதிகளை ஒப்பித்தவர்கள் நாங்கள். அந்தப் புத்தகத்தில் பதினான்காம் லூயியின் வெர்சாய் தோட்டத்துப் படம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நீண்ட புல்தரை, அதற்குப் பிரெஞ்சில் ‘பச்சைக் கம்பளம்’ என்று பெயர். இருபுறமும் சிலைகள், வானத்தை நோக்கிப் பீய்ச்சும் நீரூற்றுகள். அந்த நீரூற்றுகளை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடவிட அங்கே தண்ணீர் இல்லை என்பதை மட்டும் புத்தகம் சொல்லவில்லை.

வெர்சாய் மேட்டு நிலம். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. லெ நோத்ர் தோட்டத்தை வரைந்து முடித்தார், தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகும் பல வருஷம் இழுத்தது. குளங்கள் வெட்டினார்கள். போதவில்லை. 1684இல் சேன் நதிக்கரையில் மார்லி இயந்திரம் என்று ஒன்றை நிறுவினார்கள். சுமார் 12 மீட்டர் குறுக்களவில் 14 பெரிய மரச்சக்கரங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகள். ஆற்றுத் தண்ணீரைப் படிப்படியாக 150 மீட்டருக்கும் மேலே தூக்கிக் கொண்டுபோனது. மின்சாரமும் நீராவியும் இல்லாத காலத்தில் இது சாதாரண வேலை இல்லை. அதன் இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புலம்பியிருக்கிறார்கள். அப்படியும் தண்ணீர் போதவில்லை.

அப்போது தோட்டத்தில் வந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அரசர் எந்தப் பாதையில் வருகிறாரோ அந்தப் பாதையில் உள்ள நீரூற்றை மட்டும் திறப்பது. அவர் தாண்டிப் போனதும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பது. ஊற்றுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் செய்தி சொல்லிக்கொள்வார்கள். தன் தோட்டத்தை எந்த வரிசையில் சுற்றிக்காட்ட வேண்டும் என்று லூயி தன் கைப்படவே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அதைப் பெரிய ரசனை என்பார்கள். எனக்கு அதில் குழாய் திறக்கிறவனுடைய வேலைப் பட்டியலும் தெரிகிறது. மந்திரி வரும் சாலைக்கு மட்டும் முதல் நாள் ராத்திரி தார் போடுவதை நாம் பார்க்காததா.

விசிலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை. எண்பது கிலோமீட்டர் தள்ளி ஓடும் ஏர் என்ற ஆற்றையே வெர்சாய்க்குத் திருப்புவது என்று முடிவு செய்தார்கள். வோபான் திட்டம் போட்டார். கோட்டை கட்டுவதில் பேர்போன அதே வோபான்தான். பத்து இருபதாயிரம் பேர், பெரும்பாலும் படைவீரர்கள், மண் வெட்டவும் கல் அடுக்கவும் அனுப்பப்பட்டார்கள். மண்ணைக் கிளறிய இடத்தில் காய்ச்சல் கிளம்பியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1688இல் போர் வந்தது, வீரர்களை அங்கே இழுத்துக்கொண்டார்கள், வேலை அப்படியே நின்றது. ஏர் ஆற்றிலிருந்து ஒரு சொட்டும் வெர்சாய்க்கு வரவில்லை. மேன்தெனோன் என்ற ஊரில் அந்தக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் இடிந்தபடி இன்னும் நிற்கின்றன. இன்று அந்த வளைவுகளை ஒட்டிக் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கோல்ஃபைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதனால் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

இந்த இடத்தில் நம்மூர் ஆயி மண்டபத்தைச் சொல்லாமல் போனால் என் கை எழுதாது. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் அந்த மண்டபம், நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் ஞாபகமாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. கதை உங்களுக்குத் தெரியும். விஜயநகரத்து ராஜா விளக்கு வெளிச்சத்தில் ஒரு தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி, தானே இடிக்கிறேன் என்று அனுமதி வாங்கி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். முத்திரப்பாளையத்துத் தண்ணீர்தான் பிற்பாடு பட்டணத்துக்கு வந்தது. கதை எவ்வளவு நிஜம் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் காலத்துக் கட்டடத்துக்கு ஒரு தாசியின் பெயர் நின்றுவிட்டது. பூங்காவுக்கு முன்னால் ஊருக்குத் தண்ணீர் என்ற வரிசையும் அந்தக் கதையில் இருக்கிறது. வெர்சாயில் வரிசை தலைகீழ்.

இனி இங்கிலாந்து. புல்தரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். மழை நாட்டில் புல் வளர்ப்பதற்குச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம், வெட்டத்தான் ஆள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல் வெட்டும் இயந்திரம் வந்ததும் பிரபுக்களின் வழக்கம் நடுத்தர வீடுகளுக்கும் இறங்கியது. அதோடு ரப்பர் குழாயும் வந்தது. ரப்பர் குழாயைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டால் ஆயிரம் லிட்டர் வரை போகும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது ஏறக்குறைய இரண்டு நாள் தண்ணீர். வெயில் அடிக்கும் சாயங்காலம் தெருவே சேர்ந்து திறந்தால் மேட்டிலுள்ள வீடுகளுக்குக் குடிக்க வராது. வறட்சி என்றதும் முதல் அடி தோட்டத்தின் மேல் விழுவதற்குக் காரணம் இதுதான்.

1945இல் வந்த அவர்களுடைய தண்ணீர்ச் சட்டம் இதற்காகவே ஒரு பிரிவு வைத்தது. தட்டுப்பாடு வந்தால், தனியார் தோட்டத்துக்கு விடுவதற்கும் சொந்தக் காரைக் கழுவுவதற்கும் ‘ரப்பர் குழாய் அல்லது அது போன்ற சாதனம்’ மூலம் தண்ணீர் எடுப்பதைத் தடை செய்யலாம். நன்றாகக் கவனியுங்கள். தடை தண்ணீருக்கு இல்லை, குழாய்க்கு. வாளியில் மொண்டு ஊற்றலாம். பூவாளியால் தெளிக்கலாம். முதுகு வலிக்கிற வரையில் எவ்வளவு வேண்டுமானாலும். சட்டம் எழுதியவர் விவரமான ஆள். மனிதனுடைய சோம்பேறித்தனத்தை நம்பி ஒரு விதி எழுதினார், அது அறுபத்தைந்து வருஷம் ஓடியது. ஆனால் எழுதியபடி பார்த்தால் வீட்டுச் சுவரைக் கழுவலாம், ஜன்னலைக் கழுவலாம், நீச்சல் குளத்தைக்கூட நிரப்பலாம். தோட்டமும் காரும் மட்டும்தான் குற்றவாளிகள்.

அந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை 1976. அதற்கு முந்தின வருஷம் மே மாதத்திலிருந்தே மழை குறைவு. குளிர்காலமும் பொய்த்தது. 1976 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை தொடர்ந்து 15 நாள் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரியைத் தொட்டது. நமக்கு 32 டிகிரி என்றால் மார்கழி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர்களுக்கு அது பிரளயம். லண்டன் பூங்காக்கள் காய்ந்த வைக்கோல் நிறத்தில் கிடந்தன. ஆகஸ்ட் மாதம் வறட்சிச் சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றினார்கள். அதன்படி வீட்டுத் தோட்டத்தோடு நிற்காமல் பொதுப் பூங்கா, விளையாட்டு மைதானம் வரை கை வைக்க முடிந்தது. வேல்ஸின் தென்கிழக்குப் பகுதிகளில் ஒரு நாளைக்கு 17 மணி நேரம் வரை குழாயில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. வேறு சில ஊர்களில் தெருக்குழாய் போட்டு, கோட்டு போட்ட கனவான்கள் பக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின் படத்தை நான் ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்தேன். குடத்தோடு நிற்கிற நம் பெண்களின் முகத்தில் இருக்கிற பழகிய அலுப்பு அந்த முகங்களில் இல்லை. நம்ப முடியாத திகைப்புதான் இருந்தது.

ஆகஸ்ட் 24ஆம் தேதி வாக்கில் டெனிஸ் ஹோவெல் என்பவரை வறட்சி மந்திரியாகப் போட்டார்கள். அவர் அப்போது விளையாட்டுத் துறை மந்திரி, அதற்கு முன் கால்பந்து நடுவர். பதவி ஏற்ற சில நாட்களுக்குள் மழை கொட்டத் தொடங்கியது. ரிஷ்யசிருங்கர் கால் வைத்ததும் மழை வந்த கதைதான். பிறகு வெள்ளத்தையும் அவரையே பார்க்கச் சொன்னார்கள் என்பது அதைவிட வேடிக்கை.

மழை வந்ததும் இன்னொன்று தெரிந்தது. செத்துவிட்டது என்று நினைத்த புல்தரை எல்லாம் பச்சை விட்டது. புல் காய்ந்தால் சாவதில்லை, உறங்குகிறது. அருகம்புல் வெட்டிப் போட்டாலும் மறு மழையில் தலை நீட்டுவதைப் பார்த்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. செத்தவை மரங்கள். பீச் என்று ஒரு மரம், வேர் மேலோட்டமாக ஓடும், அந்த வறட்சியிலும் அதற்கடுத்த வருஷங்களிலும் ஏராளமாகப் பட்டுப்போயிற்று. ஜனங்கள் கவலைப்பட்டதெல்லாம் புல்லைப் பார்த்து. மரம் உடனே காட்டிக்கொள்வதில்லை.

குழாய் விதியின் ஓட்டைகளை அவர்கள் 2010இல்தான் அடைத்தார்கள். இப்போது நீச்சல் குளம், அலங்காரக் குளம், சுவர், ஜன்னல், நடைபாதை, சொந்தப் படகு எல்லாம் பட்டியலில் உண்டு. ஆயிரம் பவுன் வரை அபராதம். தண்ணீர்க் கம்பெனிகள் போடும் விதிவிலக்குகளில் சில நியாயமானவை. உடல் ஊனமுற்றவர்கள், வாளி தூக்க முடியாதவர்கள், சொட்டுநீர் வைத்திருப்பவர்கள். என் வயதில் இதைப் படிக்கும்போது ஒரு நிம்மதி. ஆனால் அதே 2022 ஆகஸ்டில் லண்டனுக்குத் தடை போட்ட கம்பெனியின் சொந்தக் குழாய்களில் ஒரு நாளைக்கு அறுபது கோடி லிட்டர் கசிந்துகொண்டிருந்தது. கசிவுக்கு அபராதம் போடும் பத்தியைத் தடை உத்தரவில் தேடினேன். அது அந்த உத்தரவின் வேலை இல்லையாம்.

பிரான்சிலும் 1976 கொடிய வருஷம்தான், வடக்கிலும் மேற்கிலும் முக்கியமாக. ஆனால் அவர்கள் ஞாபகத்தில் அது தோட்டத்தின் கதையாக இல்லை, மாட்டின் கதையாக இருக்கிறது. தீவனம் இல்லாமல் மாடுகளை அடிமாட்டுக்கு விற்றார்கள். மழை பெய்த பகுதிகளிலிருந்து வைக்கோல் ஏற்றிவர ராணுவத்தை அனுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா அண்ணன் இருந்தார், இப்போது இல்லை. அந்த வருஷம் அவர் அங்கே சேவையில் இருந்தவர். “துப்பாக்கி பிடிக்கப் போனவன் தம்பி, லாரியில வைக்கோல் ஏத்தினேன்” என்று சொல்லிச் சிரிப்பார். அடுத்ததாக அவர் சொல்வது வரியைப் பற்றி. ஜிஸ்கார் தெஸ்தேன் அரசு விவசாயிகளுக்கு உதவ ‘வறட்சி வரி’ என்று ஒன்றைப் போட்டது. நகரத்து வருமானத்தில் எடுத்துக் கிராமத்துக்குக் கொடுத்த வரி. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் அதைத் திட்டுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த முழுக் கதையிலும் சுமையைச் சக்திக்குத் தக்கபடி பங்கிட முயன்ற சில ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று.

தோட்டத்து விதி அங்கே ஒழுங்குபட்டது 1992 ஜனவரி 3ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு. தண்ணீர் நாட்டின் பொதுச் சொத்து என்று அந்தச் சட்டம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, தட்டுப்பாட்டில் உபயோகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் பிரெஃபேக்கு அதிகாரம் கொடுத்தது. நம் ஊர்க் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான்கு படி இருக்கிறது: விழிப்பு, எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, நெருக்கடி. முதல் படியில் புத்திமதி மட்டும். இரண்டாவதில் பகல் நேரத்தில் தோட்டத்துக்கு விடக் கூடாது. மூன்றாவதிலிருந்து புல்தரைக்குப் பெரும்பாலும் முழுத் தடை. நெருக்கடியில் குடிநீர், ஆரோக்கியம், பாதுகாப்பு தவிர மற்றதெல்லாம் நிற்கும். மீறினால் 1500 யூரோ வரை. காய்கறிப் பாத்திக்கு மட்டும் ராத்திரியில் விடலாம் என்று அநேக உத்தரவுகளில் சலுகை உண்டு. தம்பி மகனுக்கு நான் எழுதிய பதிலும் இதுதான்: கத்தரிக்கு ராத்திரி விடு, புல்லை மறந்துவிடு. இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. தின்கிற செடிக்கும் பார்க்கிற புல்லுக்கும் வித்தியாசம் வைத்த அதிகாரி கெட்டவர் இல்லை.

ஆட்சேபணை அடுத்த பத்தியில். 2022 கோடையில் பிரான்சில் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் ஏதோ ஒரு படியில் கட்டுப்பாடு இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாயில் குடிநீரே வரவில்லை, லாரியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வோழ் மலைப்பகுதியில் ழெரார்மே என்ற ஊர், சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்திலும் நெருக்கடிப் படியிலும் கோல்ஃப் மைதானத்துக் ‘கிரீன்’களுக்கு மட்டும் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை தண்ணீர் விடலாம், வழக்கமான அளவில் 30 சதவிகிதத்துக்கு மிகாமல். குழி இருக்கிற இடத்தைச் சுற்றி வழவழவென்று வெட்டியிருக்குமே, அதுதான் கிரீன். சலுகைக்குக் காரணமும் சொன்னார்கள். மற்றப் புல்லைப் போல் இல்லை, அது மூன்று நாளில் செத்துவிடும், திரும்பப் போடப் பெரும் செலவு, வேலை செய்கிறவர்கள் பிழைப்பு போகும். மூன்றும் பொய்யில்லை. ஆனால் சோளம் போட்ட விவசாயியும் இந்த மூன்றையும் சொல்லலாம், நர்சரி வைத்திருப்பவனும் சொல்லலாம். சங்கம் வைத்து, அமைச்சகத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பத்தியாக அச்சேறியது. நான் பார்த்த வரையில் எந்த அலுவலகத்திலும் விதிவிலக்கு பிறக்கிற வழி இதுதான். கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தவன் கேட்டிருப்பான், அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் துலூஸை ஒட்டிய இரண்டு மைதானங்களில் யாரோ ராத்திரி நுழைந்து குழிகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். சூழல் இயக்கத்தார் பொறுப்பேற்றார்கள். நான் சிமெண்டை ஆதரிக்கவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கியவனுக்கு அது கூடி வராது. ஆனால் மேற்கே இல்-எ-விலேன் மாவட்டத்து பிரெஃபே மட்டும் தன் அதிகாரத்தில் கோல்ஃபுக்கும் சேர்த்துத் தடை போட்டார். கூடவே யாரும் தெருவில் இறங்கவில்லை, எந்த மைதானமும் உலகத்தை விட்டுப் போகவில்லை. அந்த உத்தரவை வரைந்த குமாஸ்தா யாரோ, அவரைப் பார்த்தால் ஒரு காப்பி வாங்கிக்கொடுப்பேன்.

2023 மார்ச் 30ஆம் தேதி மக்ரோன் தண்ணீர்த் திட்டம் ஒன்றை அறிவித்தார். 2030க்குள் எடுக்கிற தண்ணீரில் பத்து சதவிகிதம் குறைப்பது, சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பதை ஒரு சதவிகிதத்துக்குக் குறைவாக இருந்ததிலிருந்து பத்துக்குக் கொண்டுபோவது. பக்கத்து ஸ்பெயின் அதில் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. அதே வருஷம் தெற்கே ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மாவட்டத்தில் வறட்சி இன்னும் கடுமையாகி, வீட்டு முற்றத்தில் வைக்கிற ரெடிமேட் நீச்சல் தொட்டிகளை விற்கவே தடை போட்டார்கள். 1945இல் இங்கிலாந்து குழாயைத் தடுத்தது போல இவர்கள் கடையையே தடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாகூர் ஏரித் தண்ணீரைப் பங்கிட விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. மடை திறக்கும் நேரம், யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்றெல்லாம் முறை வைத்திருந்தார்கள். அதிலும் ‘நீங்கலாக’ உண்டு. அதைத் தனியாக எழுத வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்.